ஸ்ப்ளெண்டர் பின் சக்கரத்தை வீட்டிலேயே கழற்றலாமா? செயினை அறுக்க வேண்டுமா?

முள்ளுக்காடு:

வணக்கம். வண்டி 2014 ஸ்ப்ளெண்டர் பிளஸ். ஸ்போக் சக்கரம், டியூப் டயர், பின்னால் டிரம் பிரேக், செயினை முழுசாக மூடிய கவர். ஊர் முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், காட்டுப் பாதையில் போனால் சீமைக்கருவேல முள் ஏறாமல் வீடு வர முடியாது. பஞ்சர் கடை எட்டுக் கிலோமீட்டர் தள்ளி. காற்று இல்லாமல் உருட்டிக்கொண்டு போனால் வால்வு பிய்ந்து டியூப் வீணாகிறது, குட்டி யானை பிடித்து ஏற்றினால் பஞ்சர் காசைப் போல பல மடங்கு வாடகை கேட்கிறார்கள்.

அதனால் சக்கரத்தை மட்டும் கழற்றி மினி பஸ்ஸில் போட்டுக்கொண்டு போய் ஒட்டிவிட்டு வந்து மாட்டலாம் என்று ஒரு யோசனை. முன் சக்கரம் ஏற்கெனவே கழற்றிப் பழக்கம் உண்டு. பின் சக்கரம்தான் பயமாக இருக்கிறது. என் சந்தேகம் மூன்று. செயின் லாக்கை (செயினின் இரண்டு முனையையும் இணைக்கும் கிளிப்) கழற்ற வேண்டுமா, அப்படியென்றால் அந்த முழு கவரையும் எடுக்க வேண்டுமா? இடது பக்கம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நட் தெரிகிறது, எதை அவிழ்ப்பது? திரும்ப மாட்டும்போது சக்கரம் கோணலாகப் போய்விட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் ரிங் ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், ஒரு சுத்தியல் இருக்கிறது. அண்ணன்மார் யாராவது விளக்கமாகச் சொன்னால் நல்லது.

பழைய ஸ்பேனர்:

தம்பி, செயினைத் தொடவே வேண்டாம், கவரையும் கழற்ற வேண்டாம். உங்கள் வண்டியில் சக்கரம் வேறு, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் மாட்டியிருக்கும் கப்ளிங் ஹப் வேறு. நடுவில் டிரம் ரப்பர்தான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. நீங்கள் பார்த்த இரண்டு நட்டில் உள்ளே இருக்கும் பெரியது ஸ்லீவ் நட், அது கப்ளிங் ஹப்பை ஸ்விங் ஆர்மோடு (பின் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் இரும்புக் கை) பிடித்திருக்கிறது. வெளியே இருக்கும் சின்னதுதான் ஆக்ஸில் நட், ஆக்ஸில் என்றால் சக்கரத்தின் நடுவே போகும் தண்டு. சின்னதை மட்டும் அவிழ்த்து ஆக்ஸிலை வலது பக்கமாக உருவினால் சக்கரம் மட்டும் வெளியே வரும், ஸ்பிராக்கெட்டும் செயினும் கவருக்குள்ளேயே அப்படியே தொங்காமல் நிற்கும். பெரிய நட்டைத் தொட்டால்தான் செயின் டைட் மாறும் வேலையெல்லாம் வரும்.

வரிசை இப்படி. சென்டர் ஸ்டாண்டைக் கெட்டியான தரையில் போடுங்கள், மண் தரை என்றால் அடியில் ஒரு பலகை. அந்தப் பலகையால் இன்னொரு லாபமும் இருக்கிறது, வண்டி கொஞ்சம் உயரும், சக்கரத்தை உருவும்போது மட்கார்டில் இடிக்காது. சாவியை எடுத்துவிடுங்கள், நியூட்ரலில் வையுங்கள், பெட்ரோல் டேங்க் அடியில் இருக்கும் காக்கை (பெட்ரோல் டேப்) மூடிவிடுங்கள். வண்டியைக் கடைசியில் சாய்க்க வேண்டி வரும், அப்போது கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் ஒழுகக் கூடாது.

முதலில் பிரேக் ராடின் முனையில் இருக்கும் நட்டைக் கையாலேயே திருகி எடுங்கள். ராடை உருவியதும் அதில் இருக்கும் ஸ்பிரிங்கும், பிரேக் ஆர்ம் ஓட்டையில் உட்கார்ந்திருக்கும் சின்ன உருளைப் பின்னும் விழும். அதை எடுத்து ராடிலேயே திரும்பக் கோர்த்து நட்டையும் இரண்டு சுற்று போட்டு விட்டால் தொலையாது. அப்புறம் பிரேக் பிளேட்டிலிருந்து (டிரம்மை மூடியிருக்கும் தட்டு) ஸ்விங் ஆர்முக்குப் போகும் இரும்புப் பட்டை, அதன் போல்டில் நட் கழலாமல் குறுக்கே மாட்டிய ஸ்பிளிட் பின் இருக்கும். பின்னின் காலை நிமிர்த்தி பிளேயரால் இழுத்து, நட்டை அவிழ்த்து, பட்டையை விடுவியுங்கள்.

இப்போது ஆக்ஸில் நட். வலது பக்கம் ஆக்ஸில் தலையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இடது பக்கம் திருக வேண்டும், இல்லையென்றால் ஆக்ஸில் கூடவே சுற்றும். பல நாள் திறக்காத வண்டி என்றால் முந்தின நாள் ராத்திரியே மரை மேல் கொஞ்சம் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். நட் வந்த பிறகும் ஆக்ஸில் வர மறுத்தால் உடனே சுத்தியலை எடுக்காதீர்கள். இரும்புச் சுத்தியலால் நேராக அடித்தால் மரை நசுங்கும், அப்புறம் நட் ஏறாது. நட்டை ஆக்ஸில் முனையோடு சமமாக இருக்கும்படி திரும்ப ஏற்றி, அதன்மேல் ஒரு மரக்கட்டையை வைத்து அதைத் தட்டுங்கள், கொட்டாப்புளி இருந்தால் இன்னும் நல்லது. தலைப்பக்கம் ஸ்பேனரைப் போட்டு ஆக்ஸிலை இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டே இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

ஆக்ஸில் முழுசாக வெளியே வரும் நேரத்தில் வலது பக்கம் ஸ்விங் ஆர்முக்கும் பிரேக் பிளேட்டுக்கும் நடுவிலிருந்து ஒரு சின்ன இரும்புக் குழாய் டிங் என்று கீழே விழும். அதுதான் காலர். அது உருண்டு போய்ச் சாக்கடையில் விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஆக்ஸில் முனையில் மாட்டியிருக்கும் வலது செயின் அட்ஜஸ்டரும் (செயின் டைட்டை மாற்றும் திருகு) தளர்ந்து தொங்கும், தொங்கட்டும், அதன் நட்டை மட்டும் திருகாதீர்கள். பிறகு பிரேக் பிளேட்டை ஷூவோடு (டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் பிரேக் கட்டை) அப்படியே டிரம்மிலிருந்து வலப்பக்கம் இழுத்து எடுத்துவிடுங்கள். கிடைத்த அந்த இடைவெளியில் சக்கரத்தை வலது பக்கம் ஆட்டி ஆட்டி இழுத்தால் டிரம் ரப்பரிலிருந்து கழன்றுவிடும். ரப்பர் புதுசு என்றால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

கடைசியாக இன்னொருவர் வண்டியை இடது பக்கம் சாய்த்துப் பிடிக்க, நீங்கள் சக்கரத்தை வலது பக்கமாகக் கீழே உருவுங்கள். பஞ்சர் ஆன டயர் என்பதால் அமுங்கிக் கொடுக்கும், அந்த வகையில் பஞ்சர் உங்களுக்கு ஒரு வசதி. சாய்ப்பதற்கு ஆள் இல்லாத நேரத்தில் தனியாக முயற்சிக்க வேண்டாம்.

பரமக்குடி ராக்கெட்:

இவ்வளவு படித்துக் கழற்றுவதற்கு போன் போட்டால் வீட்டுக்கே வந்து ஒட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறான் ஜி. சக்கரத்தையே கழற்றாமல், டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுவான். ஒரு லீவர், ஒரு பம்ப், சொல்யூஷன், கொஞ்சம் பேட்ச் வாங்கி வைத்தால் நீங்களே செய்யலாம். சக்கரம் கழற்றுவது டயர் மாற்ற, பேரிங் மாற்றத்தான்.

பழைய ஸ்பேனர்:

ராக்கெட் சொல்வது சரிதான், ஒரே ஒரு ஓட்டை, அதுவும் எங்கே என்று தெரிந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டலாம். ஆனால் கருவேல முள் விஷயம் வேறு. அது டயருக்குள் நுழைந்து முனை மட்டும் ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நின்றுவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூபை ஒட்டி காற்று ஏற்றிய மறுநாளே அதே இடத்தில் திரும்பக் குத்தும். சக்கரத்தைக் கழற்றி டயரை முழுசாகத் திறந்தால்தான் உள்பக்கம் சுற்றிலும் தடவிப் பார்க்க முடியும். வெறும் விரலால் தடவாதீர்கள், பழைய பனியன் துணியால் துடைத்துக்கொண்டே போங்கள், முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். அப்படியே ரிம் டேப்பையும் (ரிம்மில் ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் ரப்பர் பட்டை) பாருங்கள், அது நகர்ந்திருந்தால் ஸ்போக் முனையே டியூபைக் குத்தும்.

மலர்க்கொடி 125:

கழற்றுவதை அண்ணன் சொல்லிவிட்டார், மாட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து இருப்பது அங்கேதான். அப்பா பட்டறை வைத்திருந்தார், பின் சக்கரம் மாட்டிய வண்டி வெளியே போகும் முன் அவர் குனிந்து பார்ப்பது இரண்டே இடம்: அந்த இரும்புப் பட்டையின் போல்ட், அதில் ஸ்பிளிட் பின்.

பிரேக் மிதிக்கும்போது ஷூ டிரம்மைப் பிடிக்கிறது, டிரம் சுற்றுகிறது, அதனால் ஷூ உட்கார்ந்திருக்கும் பிரேக் பிளேட்டும் கூடவே சுற்றப் பார்க்கும். அதைச் சுற்ற விடாமல் நிறுத்துவது அந்தப் பட்டை ஒன்றுதான். அதை மாட்ட மறந்தாலும், நட் கழன்று விழுந்தாலும், முதல் தடவை அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது பிளேட் சுழன்று, பிரேக் ராடை வளைத்து இழுத்து, சக்கரமே பூட்டிக்கொள்ளும். பின்னால் ஆள் உட்கார்ந்து போகும்போது அப்படி ஆனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள், ஒரு தடவை மடக்கி நிமிர்த்திய பின் அடுத்த தடவை ஒடியும். ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், ஒரு பாக்கெட் வாங்கி வண்டி டூல் பையில் போட்டு வையுங்கள். ஆணியையோ கம்பியையோ சுற்றி வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

சக்கரத்தை உள்ளே வைக்கும்போது முதலில் டிரம் ரப்பர் எல்லாம் அதனதன் குழியில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் காய்ந்து ஓரம் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். கியர் போட்டு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது பின்னாலிருந்து டக் என்று ஒரு வெட்டு வருகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். சக்கரம் கையில் இருக்கும்போதே பேரிங்கின் உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள், மணல் அரைப்பது போல நெறுநெறு என்றால் மாற்ற வேண்டும். பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்துத் துணியைத் தூக்கி எறியுங்கள். ஷூ மேலோ டிரம் உள்ளேயோ கிரீஸ் கை படக் கூடாது, பட்டால் பிரேக் வழுக்கும்.

ஆக்ஸிலைத் துடைத்து லேசாக கிரீஸ் தடவி, வலது அட்ஜஸ்டர், ஸ்விங் ஆர்ம், காலர், பிரேக் பிளேட், சக்கரம், கப்ளிங் என்று வரிசையாக ஓட்டை நேராக வரும்படி சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நுழைக்க வேண்டும். சக்கரத்தின் எடையைக் கையால் தாங்குவது சிரமம், காலை அடியில் விட்டுப் பாதத்தால் தூக்கினால் இரண்டு கையும் ஆக்ஸிலுக்குக் கிடைக்கும். காலரைப் போடாமல் இறுக்கினால் ஸ்விங் ஆர்ம் பிளேட்டோடு ஒட்டி சக்கரம் சுற்றாது, அதனால் நட் இறுக்கியதும் சக்கரம் இறுகினால் கீழே எங்காவது காலர் கிடக்கிறதா என்று தேடுங்கள்.

நட்டை முதலில் கையால் மட்டும் ஏற்றுங்கள். அடுத்து அந்தப் பட்டையை மாட்டுங்கள், பிரேக் ராடை மாட்டுங்கள். இதற்குப் பிறகுதான் ஆக்ஸில் நட்டை இறுக்க வேண்டும், அதுவும் இன்னொருவர் பிரேக் பெடலை அழுத்தி மிதித்துக்கொண்டு இருக்கும்போது. பெடலை மிதித்தால் இரண்டு ஷூவும் விரிந்து டிரம்மைத் தொட்டு பிளேட்டைத் தானாக நடுவுக்குக் கொண்டுவரும், அந்த நிலையில் இறுக்கினால் பிரேக் ஒரு பக்கம் உரசாது. எவ்வளவு இறுக்குவது என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் இப்படிக் கணக்குப் போடலாம்: கையேட்டில் 50 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால், 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் ஏறக்குறைய 20 கிலோ பாரம். ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அடுத்த தடவை கழற்றும்போது தெரியும் சேதி.

சக்கரம் நேராக இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் அட்ஜஸ்டர் அருகே கோடுகள் வெட்டியிருக்கும், இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நீங்கள் ஸ்லீவ் நட்டையும் அட்ஜஸ்டர் நட்டையும் தொடவில்லை என்றால் பழைய இடத்திலேயே உட்காரும். வலது அட்ஜஸ்டர் ஸ்விங் ஆர்ம் முனையில் இடைவெளி இல்லாமல் அழுந்தி நிற்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

வேகத்தடை:

குறுக்கே ஒரு கேள்வி. என்னுடையது யமஹா ஆர்15, பின்னால் டிஸ்க், சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. இதே முறை செல்லுமா?

பழைய ஸ்பேனர்:

செல்லாது. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்த பேடாக் ஸ்டாண்ட் வேண்டும், சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கல்லை முட்டுக் கொடுத்துக் கழற்றும் வேலை வேண்டாம். உங்கள் வண்டியில் ஸ்பிராக்கெட் சக்கரத்தோடு சேர்ந்தே வெளியே வரும், அதனால் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரண்டு அட்ஜஸ்டரையும் ஒரே அளவு தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளினால் செயின் தொய்யும், அதை ஸ்பிராக்கெட் பல்லிலிருந்து தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு ஆக்ஸிலை உருவுங்கள். லாக்கைக் கழற்ற வேண்டியதில்லை. எத்தனை சுற்று தளர்த்தினீர்கள் என்று எண்ணி வையுங்கள்.

டிஸ்க்கில் ஒரு விஷயம் முக்கியம். சக்கரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலைத் தொடக் கூடாது, பசங்க இருக்கும் வீடு என்றால் கவனம். தொட்டால் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும், டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தும் பேட் நெருங்கிவிடும், திரும்ப டிஸ்க் நுழையாது. இரண்டு பேடுக்கும் நடுவில் டிஸ்க் கனத்துக்கு ஒரு அட்டையோ மரத்துண்டோ சொருகி வைத்துவிடுங்கள். சக்கரத்தை டிஸ்க் கீழே வரும்படி படுக்க வைக்காதீர்கள். பின்னாலும் ஏபிஎஸ் உள்ள மாடல் என்றால் சென்சார் வயரை இழுத்துவிடாமல் பாருங்கள். மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து தடவை மிதியுங்கள், முதல் மிதி வெறுமையாகத்தான் போகும்.

முள்ளுக்காடு:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. இன்று காலை மச்சானைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லிக் கழற்றி, ஒட்டி, மாட்டியாகிவிட்டது. முள் முனை இரண்டு கிடைத்தது, துணியில்தான் மாட்டியது. ஸ்பிளிட் பின் புதுசு போட்டாச்சு. இப்போது இரண்டு சந்தேகம். சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை சர் என்று ஒரு உரசல் சத்தம் வருகிறது, ஆனால் சக்கரம் நிற்கவில்லை, நாலைந்து சுற்று சுற்றித்தான் நிற்கிறது. செயினும் சில இடத்தில் தொய்வாகவும் சில இடத்தில் டைட்டாகவும் இருக்கிறது. பெரிய நட்டை நான் தொடவே இல்லை.

மலர்க்கொடி 125:

ஒரு சுற்றுக்கு ஒரு தடவை லேசான உரசல் என்றால் டிரம் சற்றே வட்டம் தப்பியிருக்கும், பழைய வண்டியில் சகஜம். முதலில் பிரேக் ராடு நட்டை இரண்டு சுற்று தளர்த்திப் பாருங்கள். சத்தம் போனால் பிரேக்கை அதிகமாக இறுக்கியிருக்கிறீர்கள். பெடலை மிதித்தால் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை வெறுமனே இறங்கி அதன் பிறகு பிடிக்க வேண்டும், அந்த அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தளர்த்தியும் சத்தம் போகவில்லை என்றால் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, பெடலை மிதித்துக்கொண்டே திரும்ப இறுக்குங்கள். பிரேக் ராடு நட்டின் பள்ளம் பிரேக் ஆர்மில் இருக்கும் உருளைப் பின்மேல் சரியாக உட்கார்ந்து நிற்கிறதா என்றும் பாருங்கள், அரைகுறையாக நின்றால் ஓட்டத்தில் தானாகத் தளரும்.

பழைய ஸ்பேனர்:

செயின் விஷயம் சக்கரம் கழற்றியதால் வந்ததில்லை, முன்பே இருந்திருக்கும், நீங்கள் இப்போதுதான் பார்க்கிறீர்கள். கவரில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே செயினை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இஞ்சினை ஓட விட்டுக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் விரல் போனால் திரும்ப வராது. அதிகம் டைட்டாக இருக்கும் இடத்தில் நிறுத்தி, அங்கே 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் இப்போதைக்கு ஓட்டலாம். அந்த இடத்தில் டைட்டும், தொய்ந்த இடத்தில் அதைப் போல இரண்டு மடங்கு ஆட்டமும் இருந்தால் செயின் ஒரே சீராக இல்லாமல் நீண்டுவிட்டது என்று அர்த்தம், அட்ஜஸ்டரை எவ்வளவு திருகினாலும் சரியாகாது. செட்டாக மாற்றுங்கள், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட், செயின் மூன்றும் சேர்த்து. செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். அந்த வேலைக்குக் கவரையும் அவிழ்க்க வேண்டும், பெரிய நட்டையும் அவிழ்க்க வேண்டும், அதனால் அதைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். புது செயினுக்கு லாக் போட்டால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்று வாங்கும்போது நீங்களே குனிந்து பாருங்கள், திறந்த முனை முன்னால் இருந்தால் கழன்று விழ வாய்ப்பு உண்டு.